காற்று மாதிரி

காலை ஐந்தரை. பலூனுக்குள் ஐதரசன் ஏறிக்கொண்டிருக்கிறது.
பேர்கனில் இப்போது நள்ளிரவு தாண்டி ஒரு மணி.
மாதுமை தூங்காமல் ஒரு படம் அனுப்பியிருக்கிறாள்:
முப்பது மார்கழிகளின் சராசரி.
அம்புக்குறிகள் எல்லாம் வங்கக் கடலைத் தாண்டி
எங்கள் மேல் சாய்கின்றன.
"பார், வாடையைப் பிடித்துவிட்டோம்."

பிடித்துத்தான் விட்டார்கள்.
சைபீரியாவில் குளிர் கனத்துக் கிடப்பதும்
தெற்கே வழிவதும் சரி.
வாடை என்ற சொல்லை
யாரும் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.
வெயிலும் அழுத்தமும் பூமியின் சுழற்சியும் கொடுத்தார்கள்,
அது தானாகவே வாடையாகிவிட்டது.
உடம்பு சிலிர்த்தது, ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு பெருப்பித்துப் பார்த்தேன்.
நூறு கிலோமீட்டருக்கு ஒரு பெட்டி.
எங்கள் பெட்டியில் தண்ணீர்தான் கூட என்பதால்
திருக்கோணமலை கடல்.
உவர்மலை கடல், நிலாவெளி கடல்,
கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறும் கடல்.
மலையகம்
பாயில் விழுந்த சுருக்கம் அளவுக்கு எழும்பியிருக்கிறது.
முட்ட மலை இல்லாத மழை
சறுக்கிக்கொண்டு போய் மாலைதீவுப் பக்கம் பெய்கிறது.
தம்பலகாமத்தில் நெல் குடலைப் பருவம்.
அங்கே போய்ச் சொல்லிப் பார்,
சராசரியில் மழை சரிதான் என்று.

"எங்கள் பக்கம் இன்னும் மோசம்" என்று எழுதினாள்.
"இங்கே உயரத்தில் ஓடும் மேலைக்காற்று
சில கிழமை மடங்கிப் படுத்துவிடும், நகராது.
மாதிரி அதைக் கொடிக்கயிறு போல
இழுத்து நிமிர்த்திவிடுகிறது.
அந்தப் பிழை
இப்போது என் ஜன்னலில் பனியாக நிற்கிறது."

மாதிரி என்றால் 'போல' தானே, என்று பதில் போட்டேன்.
காற்றுப் போல ஒன்று.

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் கேட்டாள்:
"இரண்டாயிரத்துப் பதினொன்றிலிருந்து மூன்று குளிர்காலம்
உங்கள் காற்று
எல்லா மாதிரிகளிலிருந்தும் ஒரே பக்கமாக விலகுகிறது.
நான்கு பாகை. ஏன்?"

எனக்குக் கோபம்.
பதினெட்டு வருடம் தியோடலைட்டில் கண் வைத்தவள் நான்.
நஸ்ருல்லாவும் நானும் பழைய பதிவேடுகளை இறக்கித்
தூசி தட்டி, தும்மி, தேடினோம்.
அந்த வருடம் தண்ணீர்த் தாங்கியை இடித்து
பக்கத்தில் புதிதாய்க் கட்டினார்கள்.
தாங்கியின் இடிதாங்கிதான் எங்களுக்குத் திசைக்குறி.
கோணத்தை மாற்றி எழுத
ஒருவருக்கும் தோன்றவில்லை.
மூன்று மார்கழி
ஆயிரத்துச் சொச்சம் பலூன்
கொங்கிறீற்றை நம்பிப் பறந்திருக்கின்றன.

இடையில் வெற்றுப் பக்கங்களும் இருந்தன.
ஊரடங்கு. பலூனுக்குத் தடை.
காற்று நிற்கவில்லை, பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.
அந்த இரவுகளுக்கும்
கணினி ஏதோ எழுதி வைத்திருக்கிறதாம்.

சல்லியில் மரியநாயகத்திடம்
ஒரு திகதியைச் சொன்னேன், தைரியமாக:
அன்றிரவு வடகிழக்கு, பதினான்கு நொட்.
வலையிலிருந்து கை எடுக்காமல் சொன்னார்:
"இல்லப் பிள்ளை. அண்டைக்குக் கொண்டல்.
நான் கடலில நிண்டனான்."
பெட்டி நூறு கிலோமீட்டர்.
அவருடைய வள்ளம் பதினெட்டு அடி.
கடலுக்குப் போக ஒருவருக்கும் அனுமதியில்லாத இரவு அது.
நான் அதைக் கேட்கவில்லை.
வெற்றுப் பக்கத்து ஓரத்தில்
பென்சிலால் 'கொண்டல்' என்று எழுதினேன்.
பேனாவால் எழுத எனக்கு அதிகாரமில்லை.

இன்றைக்கும் ஐந்தரை.
தாங்கியை இரண்டு தரம் பார்த்துவிட்டு
கயிற்றை விட்டேன்.
வாலில் சின்ன மின்குமிழ்,
துறைமுகத்தின் மேல் ஏறி, தெற்கே சாய்ந்து,
வாடைதான்.
நஸ்ருல்லா நிமிடங்களை எண்ணுகிறான்.
பதினோராவதில் முகில்.

"எழுதவா?"
எழுது, இதுவரைக்கும் பார்த்தோம் என்று.
அதற்கு மேலே வீசுவதை
பேர்கனில் அவள் வைத்திருக்கட்டும்.